மரியானுக்க சுருட்டு

குளச்சலில் கிரேசியின் வீட்டில் பூட்டுப் போட்டு வைத்த சாமான்கள் இரண்டே இரண்டு. நகை இருக்கிற அலமாரி ஒன்று, சுருட்டு இருக்கிற பெட்டி ஒன்று. அலமாரிச் சாவியை டிவி மேல் மறந்து வைத்துவிட்டு மீன் வாங்கப் போய் வந்திருக்கிறாள். பெட்டிச் சாவி மட்டும் அவள் கழுத்தில் மாதா படத்தோடு கிடக்கும் உத்தரியக் கயிற்றை விட்டு இறங்கியதே இல்லை. குளிக்கும்போதும் அது அங்கேயேதான் கிடக்கும்.

இத்தனைக்கும் அவள் சுருட்டுப் பிடிக்கிறவள் இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது பீடி பற்றவைத்தால் இங்கே இவள் தும்முவாள். அவள் புருஷன் மரியானும் பிடிக்கிறவன் இல்லை. ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு என்று காலம் தள்ளுகிற மனிதனுக்கு அந்த மூன்று மாதமும் நல்ல மீன்குழம்பு கிடைத்தால் போதும். பிறகு எதற்கு இந்தப் பெட்டி என்று கேட்டால், அவர்கள் இருவருக்கும் நிச்சயம் நடந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வெற்றிலைத் தட்டோடு சுருட்டும் கொண்டுவந்து பெண்வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வைப்பதும், பெண்வீட்டார் பதிலுக்கு அதேபோல் வைப்பதும் அவர்கள் குடும்பங்களில் ஒரு மரியாதை. மரியான் அப்போது கொச்சியில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். சொந்தமாக வள்ளமும் கிடையாது, வலையும் கிடையாது. மரியாதையிலாவது குறை வைக்கக்கூடாது என்று நாகர்கோவிலில் ஒரு கட்டு சுருட்டை முன்கூட்டியே வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அடுக்களைப் பரணில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தான். நடுவில் ஒரு ஐப்பசி மழை வந்து போனது.

நிச்சயத்தன்று கிரேசியின் அண்ணன் பெர்க்மான்ஸ் தட்டிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து இரண்டு விரலால் அமுக்கினான். அது நடுவில் உடைந்து மஞ்சள் மாவாகக் கொட்டியது. மாவுக்குப் பின்னாலேயே ஒரு சின்னப் பூச்சி வெளியே வந்து பெர்க்மான்ஸின் உள்ளங்கையில் அவசரமே இல்லாமல் நடந்தது.

"மாப்ள சுருட்டுக்க கூட கறியும் சேத்துக் கொண்டுவந்திருக்காரு, பாருங்க!" என்றான் பெர்க்மான்ஸ். பந்தலே சிரித்தது. மரியானின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கதவு இடுக்கு வழியாகக் கிரேசி பார்த்தாள்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அந்தச் சிரிப்புதான் போகவில்லை. கிறிஸ்துமசுக்கு நமுத்துப்போய் வெடிக்காத பட்டாசுக்குப் பெர்க்மான்ஸ் வீட்டில் "மரியானுக்க சுருட்டு" என்று பேர் வந்தது. இழுத்து இழுத்தும் ஸ்டார்ட் ஆகாத வள்ளத்து மோட்டார் மரியானுக்க சுருட்டு. பரீட்சையில் கோட்டை விட்ட பையன் மரியானுக்க சுருட்டு. ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போய், மரியான் யார் என்றே தெரியாத பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மரியான் கப்பலில் சேர்ந்து மாடிவீடு கட்டியபோது, பால் காய்ச்சுகிற அன்றைக்கே ஒரு குழாய் ஒழுகியது. பெர்க்மான்ஸ் குழாயைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான், வாயைத் திறக்காமலே சிரித்தான். கிரேசிக்குப் பற்றி எரிந்தது. தாலி கட்டினவனின் பெயரை ஊர் எடுத்து உளுத்துப்போன சாமானுக்கெல்லாம் ஒட்டிவைத்திருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரியாது?

கடவுளின் விளையாட்டைப் பாருங்கள், கப்பலில் மரியானுக்குக் கிடைத்த வேலையே சுருட்டு வேலை. அது பணக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற பெரிய கப்பல். தட்டுக் கழுவுகிறவனாக ஏறி, பரிமாறுகிறவனாகி, கடைசியில் சுருட்டு அறைக்குப் பொறுப்பாளன் ஆனான். இராச்சாப்பாடு முடிந்து துரைமார்கள் வந்து உட்கார்ந்து புகைக்கிற அறை அது. அங்கேதான் அவனுக்கு விவரம் தெரிந்தது. சரியான ஈரத்தில் வைத்தால் சுருட்டு வருஷம் போகப்போகக் காரம் குறைந்து ருசி கூடும். காய்ந்தால் சருகாகும், ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும், சூடு ஏறினால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் முட்டை பொரிந்து பூச்சி வரும். அடுப்புக்கு மேலே இருந்த பரண் அன்றைக்கு என்ன வேலை பார்த்தது என்று மரியானுக்கு நடுக்கடலில் வைத்துத்தான் விளங்கியது.

"ஏட்டி கிரேசி, அன்னைக்குத் தப்பு எனக்கில்ல, பரணுக்காக்கும்!" என்று அடுத்த துறைமுகத்திலிருந்து போன் போட்டுச் சொன்னான். கிரேசிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

இரண்டாயிரத்து ஏழில் லீவுக்கு வந்தபோது, பயணிகள் பிரியமாகக் கொடுத்ததைப் புகைக்காமல் சேர்த்துவைத்து இருபத்தைந்து சுருட்டு கொண்டுவந்தான். வந்த அன்றே ஃப்ரீசரைத் திறந்து, கிரேசி அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த நெய்மீனை வெளியே தள்ளிவிட்டு, பாலிதீனில் சுற்றிய சுருட்டுகளை உள்ளே வைத்தான். குளிரில் கிடந்தால் முட்டையெல்லாம் சாகுமாம். அன்றைக்கும் மறுநாளும் அந்த வீட்டில் மூன்று வேளையும் நெய்மீன்தான். பிறகு தக்கலையில் ஒரு ஆசாரியைப் பிடித்தான். கப்பலில் சுருட்டு வைக்கிற பெட்டியைச் செய்கிற மரத்தின் துண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தான். ஆசாரி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சந்தனவேம்புக்க சாதிக்காரன்லா!" என்று சொல்லி, சந்தனவேம்பிலேயே காற்றுப் புகாத மூடியோடு ஒரு பெட்டி செய்துகொடுத்தான். மூடியை விட்டால் அது தடாலென்று விழாது. உள்ளே இருக்கும் காற்று மெல்ல மெல்ல வழிவிட, பைய இறங்கி உட்காரும். மரியான் அதை நாலைந்து தடவை திறந்து திறந்து விட்டுப் பார்த்தான்.

உள்ளே ஈரம் காட்டுகிற வட்ட மீட்டர் ஒன்று. ஈரம் குறைந்தால் நனைத்து வைக்க ஒரு ஸ்பாஞ்சு. அதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, கடையில் விற்கிற பேட்டரித் தண்ணீர்தான் வேண்டும். முள் எழுபதை ஒட்டி நிற்கவேண்டும். மாதம் ஒருமுறை மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றி அடுக்கவேண்டும். தைலம் தேய்த்த கை படக்கூடாது. கிராம்பு, மிளகு, கருவாடு எதுவும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. சுருட்டு பக்கத்தில் இருக்கிற எல்லா வாடையையும் குடித்துவிடும்.

"இது எதுக்குன்னு கேக்கமாட்டியா?" என்றான் மரியான்.

"எதுக்கு?"

"பிரிஜாவுக்க நிச்சயத்துக்கு. வெத்தலத் தட்டுல இத வைக்கணும். உனக்க அண்ணன் எடுத்து அமுக்கணும்."

மகள் பிரிஜா அப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கிரேசி சாவியை வாங்கி உத்தரியத்தில் கோர்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு மரியான் கடலோடு போய்விட, பெட்டி கிரேசியின் பாடாகிவிட்டது. குளச்சல் காற்றைப் பற்றித் தெரியாதவர்கள் இதை லேசான வேலை என்று நினைப்பார்கள். சன்னல் கம்பியைத் துரு தின்கிற ஊர் அது. உப்பு ஜாடியில் கையை விட்டால் உப்பு உள்ளங்கையில் அழும். அந்தக் காற்றுக்கு நடுவில் ஒரு பெட்டிக்குள் மட்டும் வேறு ஒரு காற்றை வைத்துக் காப்பாற்றவேண்டும். மாசி பங்குனி வெயிலில் முள் இறங்கும். ஆனி ஆடிச் சாரலில் ஏறும். கிரேசி முதல் வருஷம் பதறினாள். அடுத்த வருஷம் பழகினாள். அதற்கப்புறம் மீட்டரைப் பார்க்காமலே, மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாசனையை வைத்து ஈரம் கூடுதலா குறைவா என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். சொல்வதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு ரீத்தா ஒரு நாள் சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டாள். கிரேசி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள், சுத்தமான துணியில் துடைக்கிறாள், கழுத்துச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறக்கிறாள், பேசாமல் குனிந்து பார்க்கிறாள், மூடுகிறாள். ரீத்தாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மரியான் ரோமாபுரியிலிருந்து ஏதோ ஒரு புனிதரின் எலும்பையோ முடியையோ அருளிக்கமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சன்னலைக் கடக்கும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். கிரேசி அதைத் திருத்தவில்லை. ஊரில் எதற்கெல்லாமோ மரியாதை கொடுக்கிறார்கள், தன் புருஷன் சாமானுக்கும் கொஞ்சம் கிடைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏழு வருஷம் கழிந்தது. பிரிஜா நர்சிங் முடித்தாள். முட்டத்தில் சேசடிமையின் மகன் லிஜோவுக்குப் பேசி முடிவானது. சேசடிமை நல்ல வள்ளக்காரர், நாலு பேர் மதிக்கிற குடும்பம். நவம்பரில், கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கும் முன்னால் குளச்சலில் நிச்சயம், ஜனவரியில் கல்யாணம். மரியான் அதற்குள் இறங்கி வந்துவிடுவான் என்று எல்லாரும் நம்பினார்கள். அவன் இடத்துக்கு ஏறவேண்டியவன் மெடிக்கல் பரிசோதனையில் தோற்றுப்போனான். கிறிஸ்துமஸ் முடியாமல் இறங்க முடியாது என்று கப்பலில் சொல்லிவிட்டார்கள்.

"நிச்சயத்துக்கு உனக்க அண்ணன் பாத்துக்கிடுவான். சுருட்டு மட்டும் நீ பாத்துக்கோ" என்று போனில் சொன்னான் மரியான்.

பெர்க்மான்ஸ் பார்த்துக்கொள்ளத்தான் செய்தான். பந்தல், பிரியாணி, மைக் செட் என்று ஓடியாடினான். குணத்தில் கெட்டவன் இல்லை. சிரிக்க ஒரு ஆள் கிடைத்தால் விடமாட்டான், அவ்வளவுதான். "சிகரெட்டு ரெண்டு பெட்டி நான் வாங்கிப் போடுதேன் ஏட்டி. மரியானுக்க சுருட்ட எடுத்து வெளிய வச்சிராத. முட்டத்துக்காரனுவளுக்கும் பூச்சி காட்டணுமா?" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது, விடவில்லை. கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. சுவரில் கை வைத்தால் ஈரம். கிரேசி பெட்டியைத் திறந்தபோது முள் எண்பதைத் தாண்டி நின்றது. ஏழு வருஷத்தில் அவள் அதை அங்கே பார்த்ததே இல்லை. ஸ்பாஞ்சை எடுத்து வெளியே வைத்தாள். துணியால் உள்பக்கத்தைத் துடைத்தாள். மறுநாளும் முள் இறங்கவில்லை. அடியில் கிடந்த ஒரு சுருட்டின் மேல் பச்சையும் நீலமுமாகப் பொடி பூத்திருந்தது. அது பூசணம்தான், சந்தேகமே இல்லை. அதைக் காகிதத்தில் பொதிந்து தென்னை மூட்டில் புதைத்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து கிரேசி அழுதாள். ஏழு வருஷம் காத்ததை ஏழு நாள் மழை கொண்டுபோனால், நிச்சயப் பந்தலில் அண்ணன் விரல் மறுபடியும் அமுக்கும், மறுபடியும் எல்லாரும் சிரிப்பார்கள். இந்தத் தடவை கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பவள் பிரிஜாவாக இருப்பாள்.

மரியான் நடுக்கடலில். போன் கிடையாது. கேட்பதற்கு மனிதர்கள் இல்லாவிட்டால் குளச்சல்காரி எங்கே போவாள்? குடையை விரித்துக்கொண்டு அந்தோணியார் குருசடிக்குப் போனாள்.

பூச்சி புழுவுக்கும் பாலுண்ணிக்கும் குருசடியில் உப்பும் நல்லமிளகும் நேர்ந்து போடுவது அங்கே வழக்கம். கிரேசி உப்பும் மிளகுமாக அரைக்கிலோ வாங்கிப்போய் அந்தோணியார் காலடியில் வைத்து முட்டுப்போட்டாள். "அந்தோணியாரே, பாலுண்ணி எனக்கில்ல. பெட்டிக்காக்கும். பூசணமும் பூச்சியும் அதுல அண்டப்படாது" என்று விளக்கமாகவே சொன்னாள். வேறு யாருக்கோ என்று அவர் நினைத்துவிடக் கூடாதல்லவா. நேர்ந்த உப்பில் ஒரு பொதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் பரத்தி, அதிலிருந்த மிளகையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தாள். அந்தோணியார் மேல் அவளுக்கு விசுவாசம் உண்டு. ஆனால் மிளகு வாடையைச் சுருட்டு குடித்துவிடும் என்று மரியான் சொன்னதிலும் விசுவாசம் உண்டு. பொறுக்கிய உப்பை ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் நிரப்பி, சுருட்டில் படாமல் பெட்டியின் ஓரத்தில் வைத்துச் சாவியைத் திருப்பினாள்.

அடுத்த துறைமுகம் வந்து மரியான் கூப்பிட்டபோது அவள் முதலில் இதைத்தான் சொன்னாள்.

"உப்பா?" என்று அலறினான் மரியான். "ஏட்டி, உனக்கு வெளிவு இருக்கா? எதக் கண்டாலும் உப்புப் போட்டுருவியளா? ஏழு வருசம் வச்ச சாமானக் கருவாடாக்கிட்டியேட்டி!"

காத்தவளுக்குத்தானே தெரியும் காத்த பாடு. ஒரு வார்த்தை ஆறுதல் கேட்க நின்றவளுக்கு இதுதான் கிடைத்தது. "நான் சுருட்டு மேல போடல. மூடியில போட்டுத் தள்ளித்தான் வச்சிருக்கேன். எனக்கு வேற வழி தெரியல. இங்க வந்து நின்னு பாத்தாத் தெரியும் மழைக்க வண்ணம்" என்றாள்.

"உப்பு இப்பம் எப்படி இருக்கு?" என்று குரல் இறங்கிக் கேட்டான்.

"நனஞ்சு சொதசொதன்னு இருக்கு. தண்ணி கட்டி நிக்கல."

"முள்ளு?"

கிரேசி போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பெட்டியைத் திறந்தாள். "எழுபத்தஞ்சு. இன்னைக்கும் எழுபத்தஞ்சு, நேத்தும் எழுபத்தஞ்சு. மழ நிக்கல, இது மட்டும் அனங்காம நிக்கி."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது, அல்லது அழுவது. அவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வரும்.

"கிரேசி, கப்பல்ல மீட்டர் சரியா இருக்கான்னு நாங்க எப்படிப் பாப்போம் தெரியுமா? ஒரு மூடியில உப்பு வச்சு, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, மீட்டரையும் அதையும் ஒரு கூடுக்குள்ள போட்டு அடைப்போம். நனஞ்ச உப்பு இருக்கிற இடத்துல ஈரம் எழுபத்தஞ்சுலதான் நிக்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. வருசத்துக்கு ரெண்டு மட்டம் இத எனக்க கையால செய்யுதேன். பெட்டிக்குள்ளயே வச்சுக் காக்கலாம்னு எனக்குத் தோணல பாரு."

"அப்பம் கெட்டுப் போகாதா?"

"எப்படிக் கெடும்? இந்த மழை நூறு நாள் பெஞ்சாலும் உப்பு தண்ணியாகித் தீராத வரை அதுக்கு மேல ஏறாது. தண்ணியாச்சுன்னா வேற உப்பு வை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தோணியாருக்கு நான் வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்திக்கிடுதேன். உனக்கு என்ன செய்யன்னு தெரியல" என்றான்.

திட்டின வாயால் வந்த அந்த வார்த்தை கிரேசிக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கு அவள் மழையைப் பார்த்து, "பெய்யி மக்கா, நல்லாப் பெய்யி" என்று சொல்லிக்கொண்டே துணி மடக்கினாள்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. சுருட்டின் தலையை வெட்டித்தான் கொடுக்கவேண்டும். அதற்கென்று மரியான் ஒரு சின்ன வெட்டுக்கத்தி வைத்திருந்தான். அவன் இல்லாதபோது யார் வெட்டுவது? கிரேசி முருங்கைக்காய் வாங்கி வந்து வெட்டிப் பழகினாள். அந்த வாரம் முழுக்கச் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய்த் துண்டுகள் எல்லாம் தலை மட்டும் வட்டமாகச் செதுக்கியதுபோல இருந்தன. பிரிஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

நிச்சயத்தன்று மழை ஒருமாதிரி விட்டுக்கொடுத்தது. முட்டத்துக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். பங்குச் சாமியார் செபம் சொல்லி, மோதிரம் மந்திரித்து, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்துவிட்டுப் போனார். பெர்க்மான்ஸ் வெற்றிலைத் தட்டில் சிகரெட் பெட்டிகளைப் பிரித்து அடுக்கப்போன நேரத்தில், கிரேசி பட்டுச்சேலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்தாள். ரீத்தா மட்டும் பின்னால் எழுந்து நின்று நெற்றியில் சிலுவை போட்டாள்.

"ஏட்டி, சொன்னேன்லா?" என்றான் பெர்க்மான்ஸ் பல்லைக் கடித்தபடி.

"நீங்க சொன்னிய. அவ்வொ வேற சொல்லியிருக்காவ" என்று சொல்லிவிட்டு, அவன் முன்னால் பெட்டியை வைத்துத் திறந்தாள். மூடி பைய எழுந்தது. பந்தலுக்குள் பிரியாணி வாடையையும் மீறி ஒரு மணம் வந்தது. மரமும் வெல்லமும் காய்ந்த இலையும் கலந்த மணம் அது. பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் சுருட்டைச் சம்பந்திக்குக் கொடுத்தாள். சேசடிமை இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றாத குறையாகப் பார்த்து, "மன்னிக்கணும் மைனி, நெஞ்சுல ஆப்பரேசன் ஆனதுல இருந்து டாக்டர் தொடப்பிடாதுன்னுட்டாரு" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் எனக்குப் பழக்கமில்லை என்றார். இளவட்டங்கள் சுருட்டின் தடிமனைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு சிகரெட்டை எடுத்தார்கள். கெட்டுப்போகும் என்றுதான் கிரேசி ஏழு வருஷமாகப் பயந்தாள். பிடிக்க ஆளே இல்லாமல் போகும் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை.

பெர்க்மான்ஸின் கண்ணில் பழைய பிசாசு முழித்துக்கொண்டது. ஒரு சுருட்டை எடுத்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். "முட்டத்துக்காரருக்கு ஒரு கதை தெரியாது…" என்று ஆரம்பித்துக்கொண்டே இரண்டு விரலால் அமுக்கினான்.

சுருட்டு அமுங்கிற்று. விரலை விட்டதும் பழையபடி எழுந்தது. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் எழுந்தது. மாவும் வரவில்லை, பூச்சியும் வரவில்லை. பெர்க்மான்ஸ் அதைத் திருப்பிப் பார்த்தான். கதையை எங்கே விட்டோம் என்று அவனுக்கே மறந்துவிட்டது.

"அத இங்க கொண்டா லே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சேசடிமையின் அக்காள் ராகேல். முட்டத்தில் ஏலம் எடுக்கிற மீன்காரி. மீனின் செவுளைப் பார்க்காமல் முகர்ந்தே நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லித் தள்ளிவிடுகிறவள். தம்பி வீட்டில் அவள் வேண்டாம் என்றால் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. தலைச்சுமட்டுக் காலத்திலிருந்து சுருட்டுப் பிடிக்கிறவள் என்பது முட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், குளச்சலில்தான் தெரியாது. பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தபடியே கொண்டுபோய்க் கொடுத்தான்.

ராகேல் அதைக் காதோரம் வைத்து உருட்டிப் பார்த்தாள். மூக்கின் கீழே நீளமாக ஓட்டினாள். "வெட்டு மக்கா" என்று கிரேசியிடம் நீட்டினாள். முருங்கைக்காயில் பழகிய கை நடுங்காமல் வெட்டியது. ஆசாரி மிச்சம் கொடுத்திருந்த சந்தனவேம்புச் சீவலில் தீயை ஏற்றி, சுருட்டின் அடியை அதில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள் கிரேசி, போன லீவில் மரியான் செய்து காட்டியது போலவே. ராகேல் இழுத்தாள். புகை மேலே போயிற்று. கிரேசி மூன்று தடவை தும்மினாள், ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

பந்தல் முழுக்க ராகேலின் முகத்தைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது இழுப்பை வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். சாம்பல் உதிராமல் ஒரு விரல்கடை நீளத்துக்கு நின்றது.

"எனக்க வயசுக்கு இப்படி ஒண்ணு நான் பிடிச்சதில்ல" என்றாள். "இது ஆருக்க சுருட்டு?"

இருபத்தைந்து வருஷமாகக் காதில் விழுந்தாலே எரிந்த அந்த இரண்டு சொல்லையும் கிரேசி தன் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது அண்ணனுக்குக் கேட்கட்டும், ரீத்தாவுக்குக் கேட்கட்டும், பந்தல்காரனுக்கும் பிரியாணிக்காரனுக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து சொன்னாள்.

"மரியானுக்க சுருட்டு!"

யாரும் சிரிக்கவில்லை. முட்டத்துக்காரர்களுக்குச் சிரிக்கக் காரணம் தெரியாது. குளச்சல்காரர்களுக்குக் காரணம் மறந்துபோயிருந்தது. ராகேல் தம்பியின் பக்கம் திரும்பி, "லேய் சேசடிமை, கேட்டுக்கோ. இனி சுருட்டுன்னா மரியானுக்க சுருட்டாக்கும்" என்றாள். கதவு நிலையில் சாய்ந்து நின்ற பிரிஜா அம்மாவைப் பார்த்தாள். கிரேசி நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு இருந்த பெருமையில் பட்டுச்சேலை ஒரு முழம் குறைந்துபோனதுபோல இருந்தது.

மறுநாள் மத்தியானம் மரியான் கூப்பிட்டான். மோதிரம் சரியாக இருந்ததா, மாப்பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தான் என்று எதுவும் கேட்கவில்லை.

"உனக்க அண்ணன் அமுக்கினானா?"

"அமுக்கினாவ."

"என்னமாம் சொன்னானா?"

உப்புப் போட்டதற்கு அவன் திட்டிய திட்டு கிரேசியிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"சொன்னாவ. என்னைக்கும் சொல்லுததுதான். மரியானுக்க சுருட்டுன்னு."

கடலுக்கு அந்தப் பக்கம் அவன் தட்டுக் கழுவுகிற பழைய பையனாகி அப்படியே நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னைக்குக் காலம்பற வந்தாவ" என்றாள். "வாசல்ல நின்னு, மெதுவாட்டு, யாருக்கும் கேக்காம. 'ஏட்டி கிரேசி, மரியானுக்க சுருட்டு இன்னும் ஒண்ணு கூடி இருக்குமா?'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"பெட்டியப் பூட்டியிருக்கு, ஆளு கப்பல்ல இருந்து வரட்டும்னு சொல்லிட்டேன்."